தேர்தல் நேரத்துப் போர், திரைப்படம், வாக்கு: தமிழ்நாட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். 2019 மக்களவைத் தேர்தலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னுடன் பணியாற்றும் வட மாநில நண்பர்கள் ஒரே குற்றச்சாட்டை முன்வைக்கிறார்கள். புல்வாமாவும் பாலாகோட்டும் நாட்டையே உலுக்கிய ஆண்டில் தமிழ்நாடு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் வாக்களித்தது என்றும், தமிழர்களுக்கு நாட்டுப்பற்று குறைவு என்பதற்கு அதுவே சான்று என்றும் சொல்கிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஆனால் வருத்தம் பதிலாகிவிடாது என்பதால் விவரமறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். 2016இல் எல்லை தாண்டி நடந்த தாக்குதலைக் கதையாகக் கொண்ட ‘உரி’ இந்தித் திரைப்படம் 2019 ஜனவரி 11 அன்று வெளியானது. ஜனவரி 19இல் மும்பையில் இந்தியத் திரைப்பட அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்த பிரதமர், அந்தப் படத்தில் படைவீரர்களை உற்சாகப்படுத்தும் முழக்கத்தை மேடையிலேயே எழுப்பினார். பிப்ரவரி 1இல் இடைக்கால நிதிநிலை அறிக்கையை வாசித்த அமைச்சரும் அப்படத்தைக் குறிப்பிட்டார். பிப்ரவரி 14இல் காஷ்மீரின் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் இருவர் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பிப்ரவரி 26 அதிகாலையில் பாகிஸ்தானின் பாலாகோட்டை இந்திய விமானப்படை தாக்கியது. மறுநாள் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானிடம் சிக்கி, மார்ச் 1 இரவு விடுவிக்கப்பட்டார். அதே மார்ச் 1இல் கன்னியாகுமரிக் கூட்டத்தில் பேசிய பிரதமர், அபிநந்தன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதில் ஒவ்வொரு இந்தியருக்கும் பெருமை என்றார். மார்ச் 10இல் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 18இல் நாம் வாக்களித்தோம். நாடு முழுவதும் பாஜக 303 இடங்களைப் பெற்றபோது, இங்கே அது போட்டியிட்ட ஐந்து தொகுதிகளிலும் தோற்றது. அந்த ஐந்தில் கன்னியாகுமரியும் ஒன்று.

என் கேள்வி இரண்டு. போர் என்பது தமிழ்நாட்டு வாக்காளரின் முடிவை எப்போதாவது மாற்றியிருக்கிறதா? திரைப்படத்தின் வழியாகவே முதலமைச்சர்களைத் தேர்ந்தெடுத்த ஒரு மாநிலத்தில், போர்க்களத் திரைப்படமும் அதைச் சுற்றி எழுந்த உணர்ச்சியும் ஏன் வாக்காக மாறவில்லை?

பதில் 1: பழைய ஏடு

தம்பி, நாட்டுப்பற்றையும் வாக்கையும் ஒரே படியால் அளக்கிறார்கள் என்பதுதான் உங்கள் நண்பர்களின் வாதத்தில் உள்ள குறை. இரண்டும் வேறு வேறு என்பதைத் தமிழ்நாடு 1967இலேயே காட்டிவிட்டது.

1962 அக்டோபரில் சீனா படையெடுத்தபோது, தனி நாடு கேட்டுக்கொண்டிருந்த திமுக அந்தக் கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாதுகாப்பு நிதி திரட்டும் பணியில் இறங்கியது. 1963இல் பிரிவினைக் கோரிக்கையையே கைவிட்டது. பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி கொண்டுவரப்பட்ட 16ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் போர் மூண்ட நேரத்தில் அண்ணா எடுத்த நிலை சட்டத்துக்கு அஞ்சி எடுத்தது அல்ல என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் திருத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெண்கள் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். சீனப் போரைக் களமாகக் கொண்டு சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த ‘இரத்தத் திலகம்’ 1963இல் வெளியானது. உணர்ச்சிக்கும் குறைவில்லை, அதைத் திரையில் காட்டக் கலைஞர்களுக்கும் குறைவில்லை.

அடுத்து 1965இல் பாகிஸ்தானுடன் போர். அப்போது அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்தவர் காமராஜர். போருக்குத் தலைமை தாங்கிய லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதமர் பதவிக்குக் கொண்டுவந்ததில் அவருக்கு இருந்த பங்கை எல்லாரும் அறிவார்கள். எல்லையில் கிடைத்த பெருமையில் தமிழ்நாட்டுக் காங்கிரசுக்கு இவ்வளவு நேரடியான உரிமை இருந்தும், 1967 பிப்ரவரியில் நடந்தது என்ன? காமராஜர் விருதுநகரில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். 1962இல் 50 இடங்களை வென்றிருந்த திமுக 137 இடங்களுடன் ஆட்சிக்கு வந்தது.

அந்தத் தேர்தலில் ஊர்தோறும் பேசப்பட்டது அரிசி. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதனுடன் 1965 மொழிப் போராட்டத்தில் சிந்திய இரத்தமும் இருந்தது. எல்லையில் இறந்த வீரருக்காக அழுத அதே வீட்டில் உலையில் போட அரிசி இல்லை என்றால், அந்த வீட்டுப் பெண் எதைக் கருதி வாக்களிப்பார்? அரிசியைக் கருதி வாக்களித்ததால் அவருடைய அழுகை பொய்யாகிவிடுமா?

உங்கள் நண்பர்களிடம் இன்னொன்றையும் கேளுங்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை என்ற ஊரை இராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. கார்கிலில் உயிர்நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு நாட்டுப்பற்றைப் பேசட்டும், தேர்தல் முடிவை வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.

கார்கில் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 1999 ஏப்ரல் 17இல் அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால் ஒரே ஒரு வாக்கில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. போர் நடந்தது காபந்து அரசின் காலத்தில். அந்த வெற்றிக்குப் பிறகு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடந்த தேர்தலில் பாஜக பெற்றவை 182 இடங்கள். 1998இலும் அதற்கு 182தான். உத்தரப்பிரதேசத்தில் 57 இடங்களிலிருந்து 29க்கு இறங்கியது. கார்கிலுக்குப் பின் உத்தரப்பிரதேசத்தாருக்கு நாட்டுப்பற்று குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லவில்லையே! அதே தேர்தலில் தமிழ்நாடு, திமுகவுடன் சேர்ந்து நின்ற தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 26 இடங்களைக் கொடுத்தது. முந்தைய ஆண்டில் அதிமுகவுடன் சேர்ந்து நின்றபோது கொடுத்தது 30. இரண்டு முறையும் முடிவைத் தந்தது கூட்டணிக் கணக்கு.

பதில் 2: திரைநோக்கர்

இரண்டாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

தமிழ்த் திரைப்படம் வாக்கைத் தீர்மானித்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த வகைத் திரைப்படம் என்று கேட்பதில்லை. எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12 அன்று சுடப்பட்டு, கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அந்தக் கட்டுப்போட்ட படம்தான் அந்தத் தேர்தலின் சுவரொட்டியாகத் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. மக்கள் அவரை அந்த அளவுக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்ததற்கு அவர் ஏற்ற வேடங்கள் அடித்தளம். 1964இல் மட்டும் ‘படகோட்டி’, ‘தொழிலாளி’ ஆகிய படங்கள் வந்தன. அவற்றில் நாயகன் எதிர்த்து நிற்பது கரையில் உட்கார்ந்துகொண்டு மீனவர் உழைப்பைச் சுரண்டுபவனையும், கூலியைக் குறைப்பவனையும். அந்த எதிரியைப் பார்வையாளருக்குத் தெரியும். அவர் தெருவிலேயே அவன் இருக்கிறான். தியேட்டரை விட்டு வெளியே வந்தவருக்குக் கதையும் வாழ்க்கையும் ஒன்றாகத் தெரிந்ததால் அது வாக்கானது.

எல்லைப் போர்ப் படத்தில் எதிரி தொலைவில் இருக்கிறான். பார்த்துக் கண்ணீர் விடலாம், கைதட்டலாம். வெளியே வந்த பிறகு ஜிஎஸ்டியால் தறி ஓடாமல் நிற்கிறது, கஜா புயலில் விழுந்த தென்னைக்கு இழப்பீடு வந்து சேரவில்லை, தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று காவல்துறை சுட்டு 13 பேர் இறந்ததற்கு நீதி கிடைக்கவில்லை. 2019 தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் தமிழ்நாடு வாழ்ந்த வாழ்க்கை இது. விஜயகாந்த் எத்தனையோ படங்களில் பயங்கரவாதிகளை எதிர்த்து நின்றவர். 2006இல் அவருடைய கட்சி எட்டு விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு பெற்றபோது, அவர் பேசியதெல்லாம் இரண்டு கழகங்களின் ஊழலைப் பற்றித்தான். எல்லையைப் பற்றி அல்ல.

அபிநந்தனைத் தமிழ்நாடு கொண்டாடவில்லை என்று எவரேனும் சொன்னால் அது முழுப் பொய். சலூன்களில் இளைஞர்கள் அவரைப் போல மீசை வைத்துக்கொண்டார்கள். திரையும் வாழ்க்கையும் வியக்கத்தக்க வகையில் சந்தித்த இடமும் அதுவே. கார்கில் போரின்போது பாகிஸ்தானிடம் பிடிபடும் இந்திய விமானியின் கதையாக 2017இல் மணிரத்னம் எடுத்த ‘காற்று வெளியிடை’ படத்துக்கு ஆலோசனை வழங்கியவர், அபிநந்தனின் தந்தையான ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல். இரண்டே ஆண்டுகளில் அந்தக் கதை அவருடைய மகனுக்கே நேர்ந்தது. அந்தக் குடும்பம் பட்ட துயரத்தை நினைத்துத் தமிழ்நாடு முழுவதும் வேண்டிக்கொண்டது. அந்த வேண்டுதலைத் தாமரைச் சின்னத்தின் கணக்கில் எழுத மக்கள் உடன்படவில்லை. இதில் குறை காண எதுவும் இல்லை, பெருமைப்படவே இடமிருக்கிறது.

பதில் 3: நெய்தல்

பழைய ஏடு ஐயாவின் வரலாற்றை மதிக்கிறேன். ஆனால் போர் இங்கே வாக்கை மாற்றியதே இல்லை என்ற முடிவுக்குப் போகிறவர்கள் இலங்கையில் இறுதிப் போர் நடந்த 2009ஐ மறந்துவிடுகிறார்கள். நம் மொழி பேசும் மக்கள் முள்ளிவாய்க்காலில் ஒடுங்கிக் கிடந்த நாள்களில்தான் நாம் வாக்குச்சாவடிக்குப் போனோம். அதைப் பேசாமல் தமிழ்நாடு, போர், தேர்தல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசுவது நியாயம் ஆகாது.

ஈழத் தமிழருக்காக 2008 அக்டோபரில் திரையுலகினர் இராமேசுவரத்தில் பேரணி நடத்தினார்கள். நவம்பர் 1இல் நடிகர்கள் சென்னையில் உண்ணாநிலை இருந்தார்கள். 2009 ஜனவரி 29இல் முத்துக்குமார் தீக்குளித்தார். ஏப்ரல் 27 காலையில் முதலமைச்சர் கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாநிலை தொடங்கினார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அரசு அன்றைக்கே அறிவித்தது, நண்பகலில் உண்ணாநிலை முடிந்தது. மே 13இல் வாக்குப்பதிவு. திமுக கூட்டணி 39இல் 27 இடங்களை வென்றது.

இந்த 27ஐ மட்டும் பார்த்துவிட்டு, ஈழம் ஒரு தேர்தல் பிரச்சினையே அல்ல என்று அன்று பல பத்திரிகைகள் எழுதின. கட்சிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். திமுகவின் சின்னம் நின்ற 22 தொகுதிகளில் 18இல் வென்றது. அதே கூட்டணியில், அதே பணமும் அதே தொண்டர்களும் துணையிருக்க, காங்கிரஸ் நின்ற 15இல் எட்டில் மட்டுமே வென்றது. மணிசங்கர் அய்யர், இளங்கோவன், தங்கபாலு என்று காங்கிரசின் பெயர்பெற்ற முகங்கள் வீழ்ந்தன. உள்ளூர்க் காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் தில்லியின் மீது இருந்த கோபத்தைத் தில்லிக் கட்சியின் மீது காட்டிய வாக்காளர்கள் கணிசமாக இருந்தார்கள் என்றே நான் இந்தக் கணக்கைப் படிக்கிறேன்.

இதைவிட என்னை வாட்டுவது வேறொன்று. ஏப்ரல் 27 அறிவிப்பை நம்பி எத்தனை பேர் மே 13இல் நிம்மதியாக வாக்களித்திருப்பார்கள்! அந்த அறிவிப்புக்குப் பிறகும் மக்கள் அடைபட்டிருந்த பகுதியின் மீது குண்டுகள் விழுந்தன. ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரல் இறுதியில் வெளியானது. இறுதிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று அது சொன்னது. அப்போது 2011 சட்டமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவும் முடிந்திருந்தது. இரண்டு தேர்தல்களிலும் நாம் உண்மை கைக்கு வராமலேயே வாக்களித்தோம்.

இலங்கையில் நடந்ததையும் குறிப்பிட விரும்புகிறேன். 2010 ஜனவரியில் நடந்த அதிபர் தேர்தலில் போட்டியிட்ட முதன்மை வேட்பாளர்கள் இருவருமே போர் வெற்றிக்கு உரிமை கொண்டாடியவர்கள்: ஒருவர் அதிபர் ராஜபக்ச, மற்றவர் படைத்தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களில் பொன்சேகாவே முன்னிலை பெற்றார். தங்கள் மீது படை நடத்திய தளபதிக்கே அந்த மக்கள் வாக்களிக்க நேர்ந்தது. அவர்களுக்கு விடப்பட்டிருந்த தெரிவு அவ்வளவு குறுகியது.

பதில் 4: தராசு

நெய்தல் அம்மா தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் இந்த இழையின் மையம் அதுதான் என்பது என் எண்ணம். வாக்காளர் போரால் அசைந்தாரா இல்லையா என்பதைவிட, போரைப் பற்றிய உண்மை எந்தத் தேதியில் அவர் கைக்கு வந்தது என்பதே பெரிய கேள்வி.

2019 பிப்ரவரி 27 காலையில், எல்லையில் வான்சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்தில், காஷ்மீரின் புட்காமில் இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தனர். அதை வீழ்த்தியது நம் சொந்த ஏவுகணை என்பதை விமானப்படைத் தளபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2019 அக்டோபரில். இடையில் ஏழு கட்ட வாக்குப்பதிவு நடந்து, ஆட்சியும் அமைந்துவிட்டது. விசாரணைக்குக் காலம் தேவை என்பதை நான் ஏற்கிறேன். வேண்டுமென்றே தள்ளிப்போட்டார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் பாலாகோட்டின் வெற்றியை மேடைதோறும் பேசலாம், புட்காமின் இழப்பைப் பேச விசாரணை முடிய வேண்டும் என்றால், வாக்காளர் பார்ப்பது பாதிப் படம்தான். இறந்த அந்த ஆறு பேரும் படைவீரர்கள் இல்லையா?

கார்கிலிலும் கிட்டத்தட்ட இதுவே நடந்தது. ஊடுருவலை முன்கூட்டியே அறியாமல் போனது எப்படி என்று ஆராயக் கே. சுப்ரமணியம் தலைமையில் குழு அமைக்கப்பட்டது 1999 ஜூலையில். அதைச் செய்ததற்காக அன்றைய அரசைப் பாராட்ட வேண்டும். அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2000 பிப்ரவரியில். தேர்தல் இடையில் வந்து போய்விட்டது.

அடுத்து விதிகள். படைவீரர்களின் படங்களைப் பரப்புரையில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013இலேயே கூறியிருந்ததை 2019 மார்ச் 9இல் மீண்டும் நினைவூட்டியது. அதன் பிறகும் ஒரு மாநில முதலமைச்சர் இந்தியப் படையை மோடியின் படை என்றார். கவனமாகப் பேசுமாறு ஆணையம் அறிவுறுத்தியதோடு அது முடிந்தது. ஏப்ரல் 9இல் மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்தில் பேசிய பிரதமர், முதல்முறை வாக்களிப்போர் தங்கள் வாக்கைப் பாலாகோட் வீரர்களுக்கும் புல்வாமாவில் இறந்தவர்களுக்கும் காணிக்கையாக்க முடியாதா என்று கேட்டார். அதில் விதிமீறல் இல்லை என்று ஆணையம் பெரும்பான்மையால் முடிவு செய்தது. ஆணையர்களில் ஒருவரான அசோக் லவாசா உடன்படவில்லை. அவருடைய மாற்றுக்கருத்து ஆணையில் இடம்பெறவில்லை. நீதிமன்றத் தீர்ப்பில் மாறுபடும் நீதிபதியின் உரை அச்சாகிறது. நாட்டின் தேர்தலை நடத்தும் அமைப்பில் அப்படி நடக்காதது பெருங்குறை.

திரைப்படத்தில் மட்டும் ஆணையம் உறுதியாக நின்றது. பிரதமரின் வாழ்க்கையைச் சொல்லும் இந்திப் படத்தை வாக்குப்பதிவு முடியும்வரை வெளியிடக் கூடாது என்று ஏப்ரல் 10இல் உத்தரவிட்டது. அப்படம் வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள், மே 24இல் வெளியானது. ‘உரி’ அந்த வலைக்குள் வரவில்லை. அது வெளியானபோது தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வரவில்லை. உத்தரப்பிரதேச அரசு அதற்கு வரிவிலக்கும் அளித்தது. தலைவரின் முகத்தைக் காட்டினால் பரப்புரை, தலைவரின் முடிவைப் புகழ்ந்து காட்டினால் கலை என்று கோடு கிழிப்பது கடினம் என்று நினைக்கிறேன். அதற்காகப் படங்களைத் தடை செய்யச் சொல்லவில்லை. அரசு தன் வரிச்சலுகையையும் மேடையையும் தேர்தல் ஆண்டில் அத்தகைய படங்களுக்குக் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

வைகைக்கரை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. 2009இன் கட்சிவாரிக் கணக்கை நான் இதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. தராசு ஐயாவிடம் ஒரு துணைக் கேள்வி. நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும்போது உண்மையிலேயே எல்லையில் தாக்குதல் நடந்தால், ஆளும் கட்சி அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? அரசு மக்களிடம் விளக்கம் சொல்லத்தானே வேண்டும்?

பதில் 5: தராசு

சொல்லத்தான் வேண்டும், தம்பி. யார் சொல்வது, எங்கே நின்று சொல்வது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. படைத்தரப்பு அதிகாரிகளும் வெளியுறவுச் செயலரும் செய்தியாளர்களைச் சந்தித்துச் சொல்லலாம். பாலாகோட் தாக்குதலன்று காலையில் முதல் அறிவிப்பைச் செய்தவர் வெளியுறவுச் செயலர்தான், அந்த அறிவிப்பில் கட்சி வாடையே இல்லை. அனைத்துக் கட்சிக் கூட்டத்தைக் கூட்டி, வெற்றியையும் இழப்பையும் சேர்த்து எதிர்க்கட்சிகளிடம் சொல்லலாம். அவ்வளவும் அரசின் கடமை. கட்சிக் கொடி கட்டிய மேடையில், வேட்பாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அதே செய்தியைச் சொல்லி வாக்குக் கேட்பது கட்சியின் வேலை. இதை எந்தக் கட்சி செய்தாலும் நான் எதிர்ப்பேன். வங்கதேசப் போரில் வென்ற சில மாதங்களில், 1972 மார்ச்சில் மாநிலங்களில் தேர்தலைச் சந்தித்த காங்கிரசும் அந்த வெற்றியைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டது.

பதில் 6: பழைய ஏடு

நெய்தல் அம்மா சொன்ன 2009 கணக்கை ஏற்கிறேன். அதையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாட்டு வாக்காளர் போருக்கு அசைவதில்லை என்பதும் சரியாகாது. தில்லி ஆட்சியில் பங்கேற்ற திமுகவை 18 இடங்களில் ஜெயிக்க வைத்துவிட்டுக் காங்கிரசை ஏழு இடங்களில் தோற்கடித்தது ஏன் என்பதற்கு எனக்கு முழு விளக்கம் கிடைக்கவில்லை. அந்த ஏழு தொகுதிகளைச் சேர்ந்தவர்கள், குறிப்பாக ஈரோடு, சேலம், மயிலாடுதுறைக்காரர்கள், அன்று தங்கள் ஊரில் என்ன பேசப்பட்டது என்பதை இங்கே எழுதினால் நன்றாயிருக்கும்.